மறைஞ்சிருக்கிற காரணம் எவ்வளவு பெருசா இருக்கணும்? சென்சிட்டிவிட்டி அனாலிசிஸும் துறை தெரிஞ்சவங்க கணிப்பும்

ஏதாவது ஒரு ஆராய்ச்சி முடிவை யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. இந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு ஹார்ட் அட்டாக் கம்மியாம், இந்தப் பழக்கம் இருக்கிறவங்களுக்கு கேன்சர் ஜாஸ்தியாம்னு. உடனே பதில் வரும், "அது வேற ஏதாவது காரணமா இருக்கும்"னு. நியாயமான சந்தேகம்தான். மாத்திரை சாப்பிடறவங்க வசதியானவங்களா இருக்கலாம், அடிக்கடி டாக்டர்கிட்ட போறவங்களா இருக்கலாம், அதனாலயே அவங்க இதயம் நல்லா இருக்கலாம், மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாமக்கூட போகலாம். இப்படி மாத்திரை எடுக்கிறதையும் நோய் வர்றதையும் ரெண்டையுமே பாதிக்கிற, ஆனா நம்ம டேட்டால பதிவாகாத ஒரு விஷயத்தைத்தான் மறைஞ்சிருக்கிற கன்ஃபவுண்டர்னு சொல்றாங்க. சிக்கல் என்னன்னா, இந்த சந்தேகத்தை எந்த ஆராய்ச்சி மேல வேணாலும் தூக்கிப் போடலாம், நல்ல ஆராய்ச்சிக்கும் மோசமான ஆராய்ச்சிக்கும் அதே ஒரு வரி போதும், அதனால அந்த வரியை வச்சு நாம எதையுமே கத்துக்க முடியறதில்ல.

சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் இந்த இடத்துலதான் கேள்வியை மாத்துது. அப்படி ஒன்னு இருக்கான்னு கேக்காம, இருந்தா அது எவ்வளவு பெருசா இருந்தா நம்ம முடிவு கவுந்துடும்னு கேக்குது. அந்த அளவை கணக்கு சொல்லிடும். அவ்வளவு பெரிய ஒன்னு நிஜத்துல இருக்குமான்னு கணக்கு சொல்லாது, அதை அந்தத் துறையிலேயே கிடந்து பழகினவங்கதான் சொல்ல முடியும். நிறைய பேர் முதல் பாதியை மட்டும் முடிச்சு ஒரு நம்பரை பேப்பர்ல போட்டுட்டு நிறுத்திடறாங்க. எனக்கு ரெண்டாவது பாதிதான் உயிர்னு தோணுது, அதனால இங்க அதைப் பத்தித்தான் அதிகமா பேசப் போறேன்.

இந்த யோசனை பொறந்த கதையில இருந்தே ஆரம்பிக்கலாம். 1950ல இங்கிலாந்துல ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், அமெரிக்காவுல வைண்டரும் கிரஹாமும், நுரையீரல் கேன்சர் வந்தவங்களையும் வராதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்து சிகரெட்டுக்கும் இதுக்கும் பலமான தொடர்பு இருக்குன்னு வெளியிட்டாங்க. அப்புறம் பெரிய பெரிய ஸ்டடி வந்துச்சு, புகைக்கிறவங்களுக்கு ரிஸ்க் 9 மடங்கு 10 மடங்குன்னு ஒன்னு மாத்தி ஒன்னு சொல்லிச்சு. அப்ப எதிர்த்து நின்னவர் சாதாரண ஆள் கிடையாது, ரொனால்ட் ஃபிஷர். நவீன புள்ளியியலோட அஸ்திவாரத்துல பாதி அவர் போட்டது, யாருக்கு எதைக் குடுக்கணும்னு குலுக்கிப் போட்டு ரேண்டமா முடிவு பண்ற பரிசோதனை முறையை நிலைநாட்டினவரே அவர்தான். அவர் கேட்டது இதுதான்: யாரையும் குலுக்கிப் போட்டு சிகரெட் பிடிக்க வைக்கலையே, ஒருவேளை பொறப்புலயே இருக்கிற ஒரு ஜீன் ஒருத்தரை சிகரெட் பக்கமும் இழுத்து கேன்சரையும் கொண்டு வந்தா? இதுக்கு ஆதரவா இரட்டையர்கள் டேட்டாவையும் காட்டினார். ஒரே கரு இரட்டையர்கள் புகைக்கிற பழக்கத்துல அதிகமா ஒத்துப் போறாங்க, அப்ப அதுல பரம்பரை இருக்குன்னு. வாதம் தர்க்கப்படி சரி. அதை வெறும் "இல்லைங்க"ன்னு சொல்லி மறுக்க முடியாது.

1959ல ஜெரோம் கார்ன்ஃபீல்டும் இன்னும் அஞ்சு பேரும் சேந்து எழுதின கட்டுரையிலதான் இதுக்கு சரியான பதில் வந்துச்சு. அந்த ஆறு பேர்ல புள்ளியியல்காரங்களும் இருந்தாங்க, நோய்ப்பரவல் ஆராய்ச்சியாளர்களும் கேன்சர் டாக்டர்களும் இருந்தாங்க, அதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். ஃபிஷர் சொல்ற மாதிரி ஒரு X இருக்குன்னே வச்சுப்போம், சிகரெட் அப்பாவி, X தான் கேன்சரைக் கொண்டு வருதுன்னு வச்சுப்போம். புகைக்கிறவங்க ரிஸ்க் 9 மடங்குன்னா, X இருக்கிறவங்க விகிதம் புகைக்கிறவங்க நடுவுல புகைக்காதவங்களைவிட குறைஞ்சது 9 மடங்கு இருந்தே ஆகணும். ஏன்னு பாருங்க. X இருந்தாதான் கேன்சர் வரும்னு எடுத்துக்கிட்டாக்கூட, இந்தக் கூட்டத்துல X உள்ளவங்க எத்தனை மடங்கு ஜாஸ்தியோ அத்தனை மடங்குதான் கேன்சரும் ஜாஸ்தியாகும். X இல்லாதவங்களுக்கும் கேன்சர் வரும்னு சேத்துக்கிட்டா அந்த 9 மடங்கும் பத்தாது. இன்னொன்னு, புகைக்காதவங்கள்ல 100க்கு 12 பேருக்கு X இருந்துச்சுன்னா புகைக்கிறவங்கள்ல 100க்கு 108 பேருக்கு இருக்கணும், அது நடக்கவே முடியாத காரியம். ஆக X ரொம்ப அபூர்வமாவும் இருக்கணும், அதே சமயம் சிகரெட்டோட அசாத்தியமா ஒட்டிக்கிட்டும் இருக்கணும். அப்படி ஒரு ஜீனையோ ஹார்மோனையோ இதுவரைக்கும் யாராவது பாத்திருக்கீங்களான்னு கேட்டதும் வாதம் அப்படியே எதிர்ப்பக்கம் போயிடுச்சு. இனிமே நிரூபிக்க வேண்டிய பாரம் சந்தேகப்படறவர் மேல.

இதுல கணக்கு எங்க முடியுது, துறை அறிவு எங்க ஆரம்பிக்குதுன்னு கவனிங்க. 9 மடங்குங்கறது கணக்கு. 9 மடங்கு ஒட்டிக்கிட்டிருக்கிற ஜீன் இருக்க வாய்ப்பில்லைங்கறது உயிரியலும் நோய்ப்பரவலும் தெரிஞ்சவங்க கணிப்பு. 1964 ஜனவரி 11ஆம் தேதி அமெரிக்க அரசோட பொது சுகாதாரத் தலைமை டாக்டரான சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி, சிகரெட் நுரையீரல் கேன்சரைக் கொண்டு வருதுன்னு வெளியிட்ட அறிக்கையும் இந்த மாதிரி ஒரு கணிப்புதான். 10 பேர் குழு, அதுல வில்லியம் காக்ரன்னு ஒரே ஒரு புள்ளியியல் நிபுணர், மத்தவங்க மருத்துவம், வேதியியல், நோய்க்கூறியல் மாதிரி வேற வேற துறை. முன்னாடியே இந்த விஷயத்துல பொதுவுல பக்கம் எடுத்துப் பேசினவங்க யாரையும் சேக்கல, புகையிலை கம்பெனிகளுக்கும் பட்டியல்ல இருக்கிற பேரை வேண்டாம்னு சொல்ற உரிமையைக் குடுத்தாங்க. நான் இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, யாரை நிபுணர்னு கூப்பிடறோம்ங்கறதும் அனாலிசிஸ்ல ஒரு பாகம். ஃபிஷர் அந்த நேரத்துல புகையிலை தயாரிப்பாளர்கள் அமைப்புக்கு ஆலோசகரா இருந்தார், அவரும் பைப் பிடிக்கிறவர். அதனால அவர் வாதம் தானா பொய்யாகிடாது, ஆனா வாசிக்கிறவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

கதையோட மிச்சமும் ருசியானது. 2008ல மூணு குழு தனித்தனியா, 15ஆவது குரோமோசோம்ல, சிகரெட்ல இருக்கிற நிக்கோட்டின் உடம்புல போய் ஒட்டற ரிசெப்டருக்கான ஜீன்கள் இருக்கிற இடத்துல ஒரு மாறுபாடு நுரையீரல் கேன்சரோட தொடர்புல இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. புகைக்கிற அளவோடயும் அதுக்குத் தொடர்பு இருக்கு. அதாவது ஃபிஷர் சொன்ன மாதிரி ஒரு ஜீன் நிஜமாவே இருக்கு! ஆனா ஒரு காப்பி இருந்தா கேன்சர் வாய்ப்பு சுமார் 1.3 மடங்கு, ரெண்டு காப்பி இருந்தாலும் 2 மடங்கைத் தொடல. 9 மடங்கைத் தனியா விளக்க இந்த அளவு எந்த மூலைக்கும் பத்தாது. அளவைப் பத்திக் கேக்கறது ஏன் முக்கியம்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

கார்ன்ஃபீல்ட் போட்ட கணக்கோட இன்றைய வடிவம்தான் ஈ-வேல்யூ. 2017ல டைலர் வாண்டர்வீலும் பெங் டிங்கும் கொண்டு வந்தது. செய்முறை ரொம்ப சுலபம்: ரிஸ்க் எத்தனை மடங்குன்னு எடுங்க, அதை அதுல இருந்து 1 குறைச்ச எண்ணால பெருக்குங்க, வர்க்கமூலம் எடுங்க, மறுபடி முதல் எண்ணைக் கூட்டுங்க. ரிஸ்க் 2 மடங்குன்னா, 2ஐ 1ஆல பெருக்கி வர்க்கமூலம் 1.41, கூட்டினா 3.41. இதுக்கு அர்த்தம், மறைஞ்சிருக்கிற விஷயம் மாத்திரை பக்கமும் 3.41 மடங்கு, நோய் பக்கமும் 3.41 மடங்கு தொடர்பு வச்சிருந்தாதான் நம்ம 2 மடங்கை முழுசா அழிக்க முடியும். ஒரு பக்கம் அதைவிடக் கம்மின்னா இன்னொரு பக்கம் இன்னும் ஜாஸ்தியா இருக்கணும். எந்தப் பக்கம் சின்னதோ அதைத் தாண்டி அதால ஏமாத்தவும் முடியாது, அதனாலதான் 1.3 மடங்கு ஜீனை அவ்வளவு தைரியமா ஒதுக்கினோம். சிகரெட்டுக்கு ஹாமண்ட், ஹார்ன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்ட 10.73 மடங்கைப் போட்டா ஈ-வேல்யூ கிட்டத்தட்ட 21 வரும். வேற வழிகளும் இருக்கு. ஜோடி ஜோடியா ஆட்களைப் பொருத்திப் பாக்கற ஸ்டடிக்கு பால் ரோசன்பாம் ஒரு முறை வச்சிருக்கார். ஹாமண்ட் 36,975 ஜோடி எடுத்தார், ஜோடியில ஒருத்தர் நிறைய புகைக்கிறவர், இன்னொருத்தர் புகைக்காதவர். ஜோடியில ஒருத்தர் மட்டும் நுரையீரல் கேன்சர்ல இறந்தது 122 ஜோடியில, அதுல 110 தடவை இறந்தது புகைச்சவர். ரோசன்பாம் கணக்குப்படி, ஏதோ ஒரு மறைவான காரணத்தால ஜோடியில ஒருத்தர் புகைக்கிறவரா இருக்க வாய்ப்பு இன்னொருத்தரைவிட 5 மடங்கு வரைக்கும் சாஞ்சிருந்தாலும் முடிவு நிக்குது, 6 மடங்கு போனாதான் ஆட்டம் காணுது.

சரி, 3.41 வந்துச்சு, அது பெருசா சின்னதா? இந்த இடத்துலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. 3.41க்கு மேல இருந்தா பாஸ்னு ஒரு கோடு எங்கயும் கிடையாது, இருக்கவும் கூடாது. ஏற்கனவே வயசு, வருமானம், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாத்தையும் கணக்குல எடுத்த ஸ்டடின்னா மிச்சமிருக்கிற ஏதோ ஒன்னு 3.41 அளவுக்கு இருக்கறது கஷ்டம். வயசை மட்டும் பாத்த ஸ்டடின்னா தெருவுக்கு ரெண்டு கன்ஃபவுண்டர் அந்த அளவுல கிடைக்கும். ஒரே நம்பர், ரெண்டு அர்த்தம்.

நிபுணருக்கும் ஒரு அளவுகோல் குடுத்தா வேலை சுலபமாகும். கார்லோஸ் சினெல்லியும் சாட் ஹேஸ்லெட்டும் 2020ல காட்டின வழி எனக்குப் பிடிச்சது. அவங்க உதாரணம் சூடானோட டார்ஃபூர், நேரடியா வன்முறையில காயப்பட்டவங்க சமாதானத்தை அதிகமா விரும்பறாங்களா கம்மியா விரும்பறாங்களான்னு ஆராய்ச்சி. அந்த ஊர் நிலவரம் தெரிஞ்சவங்க சொன்னது, ஒரு கிராமத்துக்குள்ள தாக்குதல் ஆள் பாத்து நடக்கல, ஆனா பெண்களைக் குறிவச்சாங்க, அதனால பெண்ணா ஆணாங்கறதைவிட பலமா யார் தாக்கப்படறாங்கன்னு தீர்மானிக்கிற வேற விஷயம் இருக்க வாய்ப்பு கம்மி. பெண்ணா ஆணாங்கறது டேட்டால இருக்கு, அதோட பலத்தை அளந்துடலாம். அதைப் போல 3 மடங்கு பலமான மறைவான காரணம் இருந்தாக்கூட, காயப்பட்டவங்கதான் சமாதானத்தை அதிகமா விரும்பறாங்கங்கற முடிவு தலைகீழாகலன்னு காட்டினாங்க. நிபுணர்கிட்ட 3.41 வருமான்னு கேட்டா முழிப்பார், பெண்ணா ஆணாங்கறதைவிட பெருசா ஏதாவது உண்டான்னு கேட்டா அடுத்த நிமிஷமே பேச ஆரம்பிச்சிடுவார்.

இனி கேக்கற முறை. இதை வெறும் அரட்டையா விடக்கூடாது, ஏன்னா நிபுணர்களும் மனுஷங்கதான், முதல்ல காதுல விழுந்த எண்ணைச் சுத்தியே யோசிப்பாங்க, தனக்குத் தெரிஞ்சதைவிட உறுதியா பேசுவாங்க, இதெல்லாம் ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1974லயே எழுதி வச்சது. அதனால நேரா உங்க கணிப்பு என்னன்னு கேக்காதீங்க. முதல்ல, இதைவிடக் கம்மியா இருக்கவே முடியாதுன்னு நீங்க நம்பற எண் எது, அப்புறம் இதுக்கு மேல போகாதுங்கற எண் எது, கடைசியா நடுவுல எதுன்னு கேளுங்க. ஆட்ஸ் ரேஷியோ, கோரிலேஷன் மாதிரி புள்ளியியல் அளவு எதையும் கேக்காம, 100 பேர்ல எத்தனை பேர்னு கேளுங்க, ஒரு டாக்டர் தன் கண்ணால பாத்தது ஆட்களைத்தான். நாலஞ்சு பேர் இருந்தா முதல்ல தனித்தனியா எழுதி வாங்குங்க, அப்புறம் ஒருத்தர் எழுதினதை மத்தவங்களுக்குக் காட்டி ஏன்னு பேச விடுங்க, பேசினப்புறம் ஒரு சுத்து மறுபடி எழுத விடுங்க, இல்லன்னா அறையில பெரியவர் யாரோ அவர் எண்ணே எல்லார் எண்ணாகிடும். ஷெஃபீல்டுல உருவான ஷெல்ஃப் முறையில இந்த மாதிரி படிகளைத் தெளிவா வகுத்து வச்சிருக்காங்க. நிபுணர் கணிப்பைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணின ரோஜர் குக் இன்னொரு படி மேல போனார், பதில் நமக்குத் தெரிஞ்ச சில கேள்விகளையும் அதே துறையில இருந்து எடுத்து நடுவுல கலந்து கேளுங்க, யாரோட எல்லைகளுக்குள்ள உண்மை சரியான விகிதத்துல விழுதோ அவர் கணிப்புக்கு எடை ஜாஸ்தி குடுங்கன்னு. பதவியைப் பாத்து எடை போடறதைவிட இது எவ்வளவோ மேல்.

இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்னு சொல்ற விஷயம் ஒன்னு இருக்கு, முடிவைக் காட்டறதுக்கு முன்னாடி கேக்கணும். மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு டேபிளைக் காட்டிட்டு, இதைக் கவுக்கற அளவுக்கு கன்ஃபவுண்டர் இருக்குமா சார்னு கேட்டா, அவர் அந்த மருந்தை வருஷக்கணக்கா எழுதிக் குடுக்கறவரா இருந்தா என்ன சொல்வார்னு நமக்கே தெரியும்.

கேட்ட எண்ணை எப்படி கணக்குல போடறதுன்னு ஒரு நிஜக் கேஸ்ல பாக்கலாம். 1991ல, நர்ஸுங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த அமெரிக்காவோட நர்சஸ் ஹெல்த் ஸ்டடியில இருந்து வந்த கட்டுரை, மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோனை மாத்திரையா எடுத்துக்கிட்டிருந்த பெண்களுக்கு இதய நோய் ரிஸ்க் 0.56ன்னு சொல்லிச்சு, அதாவது கிட்டத்தட்ட பாதி. வயசும் மத்த ரிஸ்க் காரணங்களும் சரிக்கட்டினப்புறம் வந்த எண் அது. ரிஸ்க் 1க்குக் கீழ இருந்தா முதல்ல 1ஐ அதால வகுத்துக்கணும், இங்க 1.79, அதை வச்சுப் போட்டா ஈ-வேல்யூ சுமார் 2.97. ஈஸ்ட்ரோஜன் எடுத்த பெண்கள் பொதுவாவே உடம்பைப் பாத்துக்கறவங்க, வசதியானவங்கங்கற சந்தேகம் அப்பவே இருந்துச்சு. இப்ப நான் சும்மா விளக்கத்துக்காக எண்களை வச்சுக்கறேன், இது எந்த நிபுணரும் சொன்னது கிடையாது. உடம்பைப் பாத்துக்கற பழக்கம்னு ஒன்னு, அது இதய நோயைப் பாதியாக்குது, மாத்திரை எடுத்தவங்கள்ல 100க்கு 70 பேருக்கு இருக்கு, எடுக்காதவங்கள்ல 45 பேருக்கு. மாத்திரை ஒன்னுமே பண்ணலன்னாலும் எடுத்தவங்க சராசரி ரிஸ்க் 0.65, எடுக்காதவங்களுக்கு 0.775, வகுத்தா 0.84. 0.56ஐ இதால வகுத்தா 0.67, மாத்திரை இன்னும் நல்லதாவே தெரியுது. இப்ப ஓரத்துக்குப் போவோம், 80 பேரும் 40 பேரும், பழக்கம் நோயை மூணுல ஒன்னாக்குதுன்னு வச்சா, அதே கணக்குல 0.64 வரும், திருத்தின எண் 0.88. கிட்டத்தட்ட ஒன்னுமில்லைங்கற இடம். நிஜத்துல நிபுணர்கள் குடுத்த எல்லைகளுக்குள்ள இருந்து ஆயிரக்கணக்கான தடவை எண்களைக் குலுக்கி எடுத்து இதே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுவாங்க, வர்ற விடைகளோட பரவல்தான் நம்ம நிஜமான நிச்சயமின்மை. ஒத்தை நம்பரைவிட அது எவ்வளவோ நேர்மையா இருக்கும்.

அப்புறம் உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு பெரிய ரேண்டம் ட்ரையல் நடந்துச்சு. ஈஸ்ட்ரோஜனோட புரோஜெஸ்டின்ங்கற இன்னொரு ஹார்மோனையும் சேத்துக் குடுத்த பிரிவுல 16,608 பெண்கள், 2002ல பாதியிலேயே நிறுத்தினாங்க, இதய நோய் ரிஸ்க் குறையறதுக்குப் பதிலா 1.29. ஈஸ்ட்ரோஜன் மட்டும் குடுத்த பிரிவுல 2004ல வந்தது 0.91, பாதுகாப்புன்னு உறுதியா சொல்ல முடியாத எண். என் கற்பனை 0.88 இதுக்குப் பக்கத்துல வந்ததை வச்சு, பாத்தீங்களா எல்லாம் பழக்கம்தான் காரணம்னு முடிவு கட்டிடாதீங்க. ட்ரையல்ல சேந்தவங்க சராசரி வயசு 63, நர்சஸ் ஸ்டடியில பெரும்பாலானவங்க மாதவிடாய் நின்ன சமயத்துலயே ஆரம்பிச்சவங்க, அதுலயும் ஏற்கனவே எடுத்துக்கிட்டு நல்லா இருக்கிறவங்களைத்தான் இப்ப எடுக்கறவங்கன்னு எண்ணினாங்க, ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பாதிக்கப்பட்டவங்க அந்த எண்ணிக்கையில சரியா விழல. 2008ல மிகேல் எர்னானும் கூட இருந்தவங்களும் அதே நர்சஸ் டேட்டாவை ஒரு ட்ரையல் மாதிரியே அடுக்கி, புதுசா ஆரம்பிக்கறவங்களை எடுத்துப் பாத்தப்ப, ரெண்டுக்கும் நடுவுல இருந்த இடைவெளி பெருமளவு சுருங்கிடுச்சு. இதுல எனக்குப் படற விஷயம், கன்ஃபவுண்டர் அளவை எவ்வளவு அழகா நிபுணர்கிட்ட கேட்டு வாங்கினாலும், கேக்காத பிரச்சனைக்கு அது பதில் சொல்லாது. அதனால எண் கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு முழு சுத்து, இந்த ஸ்டடி எந்தெந்த வழியில தப்பாகலாம், யார் உள்ள வந்தாங்க, யார் நடுவுல காணாமப் போனாங்க, எது தப்பா பதிவாச்சுன்னு வாய்விட்டுப் பேச வைக்கணும். மருந்தை எழுதிக் குடுக்கற டாக்டரும், டேட்டாவைப் பதிவு பண்ணின நர்ஸும் இந்தப் பேச்சுல புள்ளியியல்காரரைவிட அதிகமா சொல்லுவாங்க.

நிபுணர்கள் ஒத்துப் போகலன்னா என்ன பண்றது? உடனே சராசரி எடுத்துடணும்னு கை பரபரக்கும், தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஒருத்தர் 70க்கு 45ன்னும் இன்னொருத்தர் 80க்கு 40ன்னும் சொன்னா ரெண்டு பேர் கணக்கையும் தனித்தனியா ஓட்டி ரெண்டு முடிவையும் பக்கத்துப் பக்கத்துல போடுங்க, அவங்க சொன்ன காரணத்தையும் ரெண்டு வரி எழுதுங்க. யார் சொன்னதை எடுத்தாலும் முடிவு ஒரே பக்கம்தான் நிக்குதுன்னா அந்த சண்டைக்கு அர்த்தமில்ல, மேல போகலாம். ஒருத்தர் எண்ணுல முடிவு நின்னு இன்னொருத்தர் எண்ணுல விழுந்தா, எந்த எண்ணுலதான் எல்லாம் தொங்கிக்கிட்டு இருக்குன்னு இப்ப தெரிஞ்சு போச்சு, மாத்திரை எடுக்கறவங்கள்லயும் எடுக்காதவங்கள்லயும் ஒரு நூறு நூறு பேரைக் கூப்பிட்டு அந்த ஒரு பழக்கத்தை மட்டும் கேட்டு எழுதிக்கிட்டு வந்தா, அடுத்த தடவை அந்த இடத்துல கணிப்புக்குப் பதிலா டேட்டாவையே வச்சுக்கலாம்.